மடக்கு மாறியில் கை வைக்கலாமா? ஃபார்-ஈச் மடக்கில் மதிப்பை மாற்றும் வழிகள்: ஓர் ஒப்பீடு

மளிகைக் கடை ஒன்றின் விலைகள் ஓர் அணியில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் 5 சதவீதம் உயர்த்த வேண்டும். நிரல் எழுதப் பழகும் எவரும், உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார்-ஈச் மடக்கு ஒன்றைத் திறந்து, அதற்குள் ‘விலை = விலை × 1.05’ என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். ஜாவாவில் அந்த நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகும் (கணினி இயக்கத்தக்க வடிவத்துக்கு மாறும்), ஓடும், முடியும். ஆனால் அணியில் ஒரு பைசாகூட ஏறியிருக்காது. அதே வரியைப் பெர்லில் எழுதினால் எல்லா விலைகளும் உயர்ந்துவிடும். சி ஷார்ப்பில் எழுதினால் கம்பைலரே அதை ஏற்க மறுக்கும். பிஎச்பியிலோ, மாறியின் பெயருக்கு முன்னால் ‘&’ குறி இருந்தால் ஒரு முடிவும் இல்லாவிட்டால் வேறொரு முடிவும் கிடைக்கும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: மடக்கின் உடலுக்குள்ளேயே மடக்கு மாறிக்கு, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உறுப்பை ஏந்தி வரும் பெயருக்கு, புதிய மதிப்பைக் கொடுப்பது எப்போது பொருந்தும், பொருந்தாத இடத்தில் புதிய பெயர், சுட்டெண் (உறுப்பின் வரிசை எண்), ரெஃபரன்ஸ் (உறுப்பையே சுட்டும் பெயர்), புதிய பட்டியல் ஆகிய மாற்றுகளில் எதைத் தேர்வது? ஒரு மொழியில் நன்கு தேறியவர்தான் இன்னொரு மொழிக்குப் போகும்போது இங்கே அதிகம் தடுமாறுகிறார். ஏனெனில் வரி ஒன்றுபோலவே தோற்றமளிக்கிறது, அதன் பொருள்தான் மாறிவிடுகிறது.

அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது?

தேர்வுக்கு முன் தெளிய வேண்டியது இது ஒன்றே. பேரேட்டைக் கையில் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை, ஒவ்வொரு விலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நம்மிடம் நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் உள்ள எண்ணை அடித்துத் திருத்தினால் பேரேடு மாறாது; அடுத்த சுற்றில் அந்தச் சீட்டை அவர் வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தருவார். ஜாவாவில் எண்களைக் கொண்ட அணி, கோ மொழியின் ரேஞ்ச் மடக்கு, ‘&’ இல்லாத பிஎச்பி மடக்கு, சி பிளஸ் பிளஸில் வெறும் ‘ஆட்டோ’ என்று அறிவிக்கப்படும் மாறி ஆகிய அனைத்தும் இவ்வகையே. மடக்கு மாறி என்பது நகல். அதில் எழுதுவது நகலில் எழுதுவதே.

இரண்டாம் வகையில் சீட்டில் இருப்பது விலை அன்று, சரக்கு வைத்திருக்கும் அறையின் எண். சீட்டில் உள்ள அறை எண்ணை அழித்து வேறு எண் எழுதினால் கிடங்கில் எதுவும் நகராது. ஆனால் அந்த அறைக்கே போய்ச் சரக்கை மாற்றினால் அது நிலைக்கும். ஜாவாவில் பொருள்களின் பட்டியல், பைதானில் ஏறக்குறைய எல்லாமே, சி ஷார்ப்பில் கிளாஸ் வகைப் பொருள்கள் ஆகியவை இப்படிப்பட்டவை. ‘மாறிக்குப் புதிய மதிப்பைக் கொடுப்பது’ வேறு, ‘மாறி சுட்டும் பொருளின் உள்ளே மாற்றம் செய்வது’ வேறு என்ற வேறுபாடு இங்கேதான் உயிர்பெறுகிறது. பைதானில் பட்டியல்களைக் கொண்ட ஒரு பட்டியலின் மீது மடக்கை ஓட்டி, ‘வரிசை = வரிசை + [0]’ என்று எழுதினால் மூலம் மாறாது. ‘வரிசை += [0]’ என்று எழுதினால் மாறிவிடும், ஏனெனில் பட்டியலுக்கு அந்தக் கூட்டல் குறி இருந்த இடத்திலேயே நீட்டும் செயலாகப் பொருள்படுகிறது. உறுப்புகள் எண்களாக இருந்தால் இரண்டு வடிவமும் ஒன்றையே செய்யும், அதாவது மூலத்தைத் தொடாது. ஒரே குறி, உறுப்பின் வகையைப் பார்த்துத் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது என்பதால், பைதானில் மடக்கு மாறியின் மீது ‘+=’ போடும் பழக்கத்தையே நான் சந்தேகத்துடன் பார்ப்பேன்.

மூன்றாம் வகையில் சீட்டே கிடையாது. பேரேட்டின் அந்தப் பக்கமே நம் முன்னால் விரித்து வைக்கப்படுகிறது. பெர்லின் ஃபார்-ஈச் மடக்கு எப்போதும் இப்படித்தான்: மடக்கு மாறி என்பது அணியின் உறுப்புக்கு வைத்த மறுபெயர். சி பிளஸ் பிளஸில் ‘ஆட்டோ&’, பிஎச்பியில் ‘&’, ரஸ்ட்டில் மாற்றத்தக்க கடனாக (மாற்றும் உரிமையுடன் தற்காலிகமாக) ஒவ்வோர் உறுப்பையும் பெறும் வடிவம் ஆகியவை நாம் கேட்டால் மட்டும் இந்த வசதியைத் தருகின்றன. கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன ஏடா மொழியும் இங்கே வியப்பளிக்கும். எண்ணிக்கை வைத்து ஓடும் மடக்கின் மாறியை மாறிலியாகவே (மதிப்பை மாற்ற முடியாததாகவே) நடத்தும் அந்த மொழி, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த ‘ஒவ்வோர் உறுப்புக்கும்’ வடிவத்தில், அணி மாற்றத்தக்கதாக இருந்தால் உறுப்பை நேரடியாக மாற்ற விடுகிறது.

மடக்கு மாறியையே திருத்துவதா, புதிய பெயர் வைப்பதா?

மூலப் பட்டியலை மாற்றும் நோக்கம் நமக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். படிவம் ஒன்றிலிருந்து வந்த கைபேசி எண்கள் பட்டியலாக இருக்கின்றன. சிலவற்றில் இடைவெளி, சிலவற்றில் முன்னால் ‘+91’. ஒவ்வோர் எண்ணையும் சுத்தப்படுத்தித் தரவுத்தளத்தில் தேட வேண்டும். இங்கே ‘எண்’ என்ற மடக்கு மாறிக்கே சுத்தமான வடிவத்தை ஏற்றிவிடலாமா?

ஜாவாவும் பைதானும் அதைத் தடுப்பதில்லை. மடக்கு மாறிக்கு உள்ளே கொடுக்கும் மதிப்பு அடுத்த சுற்றைப் பாதிக்காது என்பதை விளக்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பைதானின் அதிகாரபூர்வ மொழிக் கையேடே தருகிறது. சி ஷார்ப்போ வடிவமைப்பிலேயே கதவைச் சாத்திவிட்டது: மடக்கு மாறி படிக்க மட்டுமே உரியது, அதற்கு மதிப்புக் கொடுத்தால் கம்பைலர் பிழை. பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி, நகலாகவே கைமாறும் ஸ்ட்ரக்ட் வகையாக இருந்தால் அதன் உள் புலத்தை மாற்றுவதும் பிழையே. நகலின் புலத்தை மாற்றிவிட்டு மூலம் மாறியதாக நிரலாளர் நம்பிவிடுவார் என்ற அச்சத்தில் வைத்த பூட்டு அது. கோட்லினும் மடக்கு மாறியை மாறிலியாகவே தருகிறது. ஸ்விஃப்ட்டிலும் இயல்பு நிலை அதுவே. வேண்டுமானால் ‘வார்’ என்று எழுதி மாற்றத்தக்க நகலைக் கேட்டுப் பெறலாம்.

திருத்துவதை எதிர்ப்போர் சொல்லும் காரணங்கள் வலுவானவை. மடக்கின் உடல் நாற்பது வரிகளுக்கு நீண்டால், முப்பத்தைந்தாம் வரியில் நிற்கும் ‘எண்’ படிவத்தில் வந்த எண்ணா, சுத்தப்படுத்திய எண்ணா என்பதை மேலே போய்த் தேடிப் பார்த்தே அறிய முடியும். தேடலில் எண் கிடைக்காதபோது ‘இந்த எண் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதும் வரி, பயனர் உண்மையில் தட்டிய வடிவத்தை இழந்து நிற்கும். பின்னர் குறை கேட்டு வரும் பயனரின் எண்ணைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. பட்டியலும் மாறிவிட்டது என்று படிப்பவர் தவறாக நினைக்கவும் வாய்ப்புண்டு. ஜாவாவில் இன்னொரு தடையும் சேர்கிறது: 2014-இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு முதல் லாம்டாக்கள் (பெயரில்லாச் சிறு செயற்கூறுகள்), ஒருமுறை மட்டுமே மதிப்புப் பெற்ற உள்ளூர் மாறிகளைத்தான் பிடித்துக்கொள்ளும். மடக்கு மாறியைத் தொடாதவரை அது இத்தகுதியைப் பெற்றிருக்கிறது. ஒரு முறை திருத்திய உடனே, அதே மடக்கில் கீழே இருக்கும் லாம்டா கம்பைல் ஆகாது.

ஆனால் திருத்துவதற்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. ‘மூலஎண்’, ‘தூயஎண்’ என்று இரண்டு பெயர்கள் ஒரே எல்லைக்குள் உயிரோடு இருக்கும்போது, யாரேனும் ஒருவர் கைதவறி ‘மூலஎண்’ணைத் தேடலுக்கு அனுப்பிவிடலாம், கம்பைலருக்கு இரண்டுமே சரங்கள்தான், அது குறுக்கிடாது. மாறியையே திருத்தியிருந்தால் சுத்தமில்லாத வடிவம் எட்டாத இடத்துக்குப் போயிருக்கும், இந்தப் பிழையே நேர்ந்திருக்காது. இந்த வாதத்துக்கு ரஸ்ட் தரும் விடை அழகானது: அதே பெயரில் புதிய மாறியை அறிவித்துப் பழையதை மறைத்துவிடலாம். திருத்தம் ஏதும் நடப்பதில்லை, பழைய வடிவமும் கைக்கு எட்டாது. கோ மொழியிலும் இது இயலும். கோட்லின் அனுமதித்துவிட்டு எச்சரிக்கை ஒன்றை எழுப்பும். ஜாவாவும் சி ஷார்ப்பும் உள்ளூர் மாறியை அதே பெயரில் மறு அறிவிப்புச் செய்ய விடுவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிப் பார்ப்பவர் ஒரு விசித்திரத்தைச் சந்திப்பார்: உள்ளே அதே பெயரில் மாறிலியை அறிவித்து, அதன் வலப்பக்கத்தில் வெளி மாறியைப் படிக்க முயன்றால், அந்தப் பெயர் இன்னும் மதிப்புப் பெறாத உள் மாறியையே குறிப்பதால் இயக்கத்தின்போது பிழை எழும்.

என் தேர்வு இவ்வாறு அமைகிறது. ரஸ்ட்டில் மறைப்பதே இயல்பு. ஜாவாவில் புதிய பெயர் வைத்து, மடக்கு மாறியின் முன் ‘ஃபைனல்’ சேர்ப்பது நல்லது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபார்-ஆஃப் மடக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறியைத் தருவதால் தயங்காமல் ‘கான்ஸ்ட்’ எழுதலாம். பைதானில் உடல் நான்கைந்து வரிகளுக்குள் அடங்கி, முதல் வரியே சுத்தப்படுத்தும் வரியாக இருந்தால், மாறியைத் திருத்துவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பைலிண்ட் போன்ற சரிபார்ப்பு நிரல்களில் இதைச் சுட்டும் விதியை இயக்கியிருக்கும் குழுக்கள் உடன்படாமல் போகலாம். ஆனால் அந்தத் திருத்தம் உடலின் நடுவிலோ, ‘இஃப்’ நிபந்தனைக்குள்ளோ வந்தால், ஒரு சுற்றில் பெயர் ஒன்றையும் அடுத்த சுற்றில் வேறொன்றையும் குறிக்கும். அதற்கு எந்த மொழியிலும் இடம் கொடுக்க வேண்டியதில்லை. உடல் நீண்டுவிட்டதென்றால், சுத்தமான எண்ணை அளபுருவாகப் பெறும் தனிச் செயற்கூறாக அதைப் பிரிப்பது இரண்டையும்விடச் சிறந்தது. அங்கே மூலஎண் கண்ணிலேயே படாது.

ரெஃபரன்ஸ் என்னும் கூர்மையான கத்தி

இப்போது விலைப்பட்டியலுக்குத் திரும்புவோம். அங்கே மூலத்தையே மாற்ற வேண்டும். மடக்கு மாறி உறுப்பின் மறுபெயராக இருக்கும் மொழிகளில், அதில் எழுதுவதே நேர்வழி. சி பிளஸ் பிளஸில் 2011-இல் வந்த இந்த மடக்கு வடிவத்தில் ‘ஆட்டோ’வுக்கும் ‘ஆட்டோ&’வுக்கும் இடையே ஒரே ஒரு குறிதான் வேறுபாடு; அதை மறந்தால் நிரல் அமைதியாக நகல்களைத் திருத்திவிட்டுப் போகும். படிக்க மட்டும் வேண்டிய இடங்களில் ‘கான்ஸ்ட் ஆட்டோ&’ என்று எழுதும் வழக்கத்தைக் குழு முழுவதும் கடைப்பிடித்தால், வெறும் ‘ஆட்டோ&’ கண்ணில் பட்டதும் ‘இங்கே மாற்றம் நடக்கிறது’ என்பது படிப்பவருக்குத் தானே தெரியும். பூலியன் மதிப்புகளைக் கொண்ட வெக்டர் மட்டும் இதற்கு விதிவிலக்கு: அது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு பிட்டில் அடைத்து வைத்திருப்பதால், உறுப்புக்குப் பதிலாக ஒரு பதிலிப் பொருளை நீட்டுகிறது. விளைவாக ‘ஆட்டோ&’ கம்பைல் ஆகாது; நகல் என்று நாம் நினைக்கும் ‘ஆட்டோ’ மூலத்தையே மாற்றிவிடும்.

பிஎச்பி விரித்த வலை இன்னும் பெரியது. ‘&’ குறியுடன் ஒரு மடக்கை ஓட்டி முடித்த பின்னும் மடக்கு மாறி மறைவதில்லை; அது அணியின் கடைசி உறுப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அணியில் 10, 20, 30 ஆகிய மூன்று எண்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் மடக்கு ‘&’ குறியுடன் ஓடி, எதையும் மாற்றாமலேயே முடிகிறது. பிறகு அதே மாறிப் பெயரில், இம்முறை ‘&’ இல்லாமல், இரண்டாம் மடக்கு ஓடுகிறது. முதல் சுற்றில் 10 அந்த மாறிக்குள் எழுதப்படுகிறது, அதாவது கடைசி உறுப்பின் மீதே எழுதப்படுகிறது. அணி 10, 20, 10 ஆகிறது. இரண்டாம் சுற்றில் 20 எழுதப்பட்டு 10, 20, 20 ஆகிறது. மூன்றாம் சுற்றில் கடைசி உறுப்பைப் படித்து அதன் மீதே எழுதுவதால் 20 அப்படியே நிற்கிறது. முப்பது காணாமல் போய்விட்டது. இரண்டு மடக்குகளில் எதிலும் மதிப்பை மாற்றும் வரி ஒன்றுகூட இல்லை. கடைசிப் பொருளின் விலை மட்டும் அதற்கு முந்தைய பொருளின் விலையாகத் தெரிகிறது என்ற புகார் வந்தால், அனுபவமுள்ள பிஎச்பி நிரலாளர் வேறெங்கும் போகாமல் இங்கேதான் முதலில் தேடுவார். மடக்கு முடிந்ததும் அந்த மாறியை ‘அன்செட்’ செய்வது மருந்து. சாவியையும் மதிப்பையும் சேர்த்துப் பெற்று, சாவியின் வழியாக அணியில் எழுதினால் நோயே வராது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் முதலாவது ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்று.

பெர்லில் மறுபெயர் இயல்பு நிலையாக இருப்பதால் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது: உள்ளூரில் மட்டும் திருத்துவதாக நினைத்து இடைவெளியை நீக்கும் வரி, அழைத்தவரின் அணியையே மாற்றிவிடும். 1, 2, 3 என்று நேரடியாக எழுதிய மாறிலிகளின் மீது மடக்கை ஓட்டி மாறியைக் கூட்டினால், படிக்க மட்டும் உரிய மதிப்பை மாற்ற முயன்றதாக நிரல் நின்றுவிடும். ‘மேப்’ செயற்கூறுக்குள்ளும் இதே மறுபெயர்தான் என்பதால், புதிய பட்டியலை உருவாக்குவதாக நம்பி எழுதும் வரியும் பழைய பட்டியலைக் கெடுக்கக்கூடும்.

சி ஷார்ப் தன் பூட்டை முற்றிலும் திறக்காமல், 2018-இல் வந்த 7.3 பதிப்பில் ஒரு சிறு கதவை வைத்தது: தொடர்ச்சியான நினைவகத்தைக் குறிக்கும் ‘ஸ்பான்’ போன்றவற்றின் மீது ஓடும் மடக்கில், மாறியை ‘ரெஃப்’ என்று அறிவித்தால் உறுப்பிலேயே எழுதலாம். ரஸ்ட்டில் மாற்றத்தக்க கடன் நடப்பிலிருக்கும்வரை அந்தப் பட்டியலை வேறு எவரும் தொட முடியாது, மடக்கு முடிந்ததும் கடனும் முடிந்துவிடுகிறது; எனவே பிஎச்பியின் ஒட்டிக்கொள்ளும் மாறி அங்கே பிறக்கவே வழியில்லை. ரெஃபரன்ஸ் வழியைத் தயக்கமின்றி எடுக்கலாம் என்று நான் சொல்லும் மொழி ரஸ்ட் ஒன்றுதான்.

சுட்டெண் வழி

சுட்டெண்ணைக் கொண்டு அணியின் இன்ன இடத்தில் எழுது என்று சொல்வது பழைய பாணிதான். ஆனால் எங்கே எழுதப்படுகிறது என்பது வரியிலேயே தெரிகிறது. கோ மொழியில் ஸ்ட்ரக்ட்களின் வரிசையை மாற்ற இதுவே மரபான வழி: ரேஞ்ச் மடக்கில் சுட்டெண்ணை மட்டும் பெற்று, அதன் வழியாக உறுப்பின் புலத்தில் எழுதுவார்கள். பைதானில் 2003-இல் 2.3 பதிப்புடன் வந்த ‘எனுமரேட்’ சுட்டெண்ணையும் மதிப்பையும் சேர்த்தே தருவதால், நீளத்தைக் கணக்கிட்டு எல்லையில் ஒன்று தவறும் பிழைக்கு இடமில்லை.

இதற்குள்ளும் மொழிக்கு மொழி ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. ஜாவாவின் அர்ரேலிஸ்ட்டை ஃபார்-ஈச் மடக்கில் ஓட்டிக்கொண்டே, அதே பட்டியலின் ஓர் இடத்தில் வேறு மதிப்பை வைத்தால் அது அமைப்பு மாற்றமாகக் கருதப்படுவதில்லை. மடக்கு தடையின்றித் தொடரும். சி ஷார்ப் ஓடும் டாட்நெட் தளத்தின் லிஸ்ட்டில் அதையே செய்தால், மாற்றங்களை எண்ண அது உள்ளே வைத்திருக்கும் பதிப்பு எண் ஒன்று கூடி, அடுத்த சுற்றுக்கு நகரும்போது விதிவிலக்கு (இயக்கத்தை முறிக்கும் பிழை அறிவிப்பு) எழும். எனவே சி ஷார்ப்பில் சுட்டெண் வழி என்றால் ஃபார்-ஈச்சையே விட்டுச் சாதாரண ஃபார் மடக்குக்கு மாறுவது என்று பொருள். இணைப்புப் பட்டியலில் மட்டும் சுட்டெண் வேண்டாம்: ஒவ்வொரு முறையும் நெடுக நடந்தே அந்த இடத்தை அடைய வேண்டியிருப்பதால், பட்டியல் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அங்கே ஜாவாவின் லிஸ்ட்-இட்டரேட்டர் தரும் ‘செட்’ பொருந்தும்.

புதிய பட்டியலை உருவாக்குவது

விலை உயர்த்தும் வேலைக்கு என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பழைய பட்டியலைத் தொடாமல், உயர்த்திய விலைகளைக் கொண்ட புதிய பட்டியலை உருவாக்கி, எல்லாம் முடிந்த பின் பெயரை அதற்கு மாற்றிவிடுவது. பைதானில் பட்டியல் கட்டமைப்புக் கோவை, ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘மேப்’, ஜாவாவில் ஸ்ட்ரீம், சி ஷார்ப்பில் ‘செலக்ட்’ என்று ஒவ்வொரு மொழியும் ஒரு கருவி வைத்திருக்கிறது.

வடிவ அழகைவிட, வேலை பாதியில் முறிந்தால் என்ன ஆகும் என்பதே இதற்குக் காரணம். ஆயிரம் பொருள்களில் எழுநூறாவது பொருளின் விலை வெற்றாக இருந்து, அங்கே விதிவிலக்கு எழுந்தது என்று கொள்வோம். இருந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டு வந்திருந்தால் 699 விலைகள் உயர்ந்தும் மீதி பழையபடியும் நிற்கும். பிழையைச் சரிசெய்து நிரலை மீண்டும் ஓட்டுபவர், முதல் 699 பொருள்களுக்கு இரண்டாம் முறையும் 5 சதவீதம் ஏற்றி, மொத்தம் 10.25 சதவீதமாக்கிவிடுவார். புதிய பட்டியல் வழியில் பழையது முழுதாக அப்படியே இருக்கும். மீண்டும் ஓட்டுவதில் அபாயமில்லை. (பணத்தை மிதவைப் புள்ளி எண்களில் வைக்காமல் பைசாக்களாக முழு எண்ணில் வைப்பது வேறொரு கட்டுரைக்குரிய அறிவுரை, அதையும் மறக்க வேண்டாம்.)

இவ்வழிக்கும் விலை உண்டு. ஒரு கோடி இரட்டைத் துல்லிய எண்கள் 8 கோடி பைட் இடம் பிடிக்கும். புதிய பட்டியல் உருவாகும்போது அதே அளவு இன்னொரு மடங்கு வேண்டும். படத்தின் புள்ளிகள், ஒலியலையின் மாதிரிகள் போன்றவற்றைக் கையாள்பவர் இடத்திலேயே மாற்றுவதில் நியாயமிருக்கிறது. அடுத்து, பழைய பட்டியலை வேறொரு பொருளும் பிடித்து வைத்திருந்தால், நாம் பெயரை மாற்றியது அதற்குத் தெரியாது. அது பழைய விலைகளையே காட்டிக்கொண்டிருக்கும். பைதானில் முழுத் துண்டுக்கு மதிப்புக் கொடுப்பதன் மூலம் புதிய உள்ளடக்கத்தைப் பழைய பட்டியலுக்குள்ளேயே ஊற்றலாம். கணக்கீடு முழுதும் முடிந்த பிறகே ஊற்றப்படுவதால் பாதியில் முறியும் அபாயமும் இல்லை. ஜாவாவின் ‘ரீப்ளேஸ்-ஆல்’ இடத்திலேயே மாற்றும், ஆனால் ஒன்பதாம் பதிப்பில் வந்த ‘லிஸ்ட்-ஆஃப்’ கொண்டு உருவாக்கிய பட்டியலில் அதை அழைத்தால் விதிவிலக்கே கிடைக்கும். சி ஷார்ப்பின் ‘செலக்ட்’ சோம்பேறி: கேட்கும்வரை எதையும் கணக்கிடாது, இரண்டு முறை கேட்டால் இரண்டு முறை கணக்கிடும். எனவே முடிவில் ‘டு-லிஸ்ட்’ போட்டு நிலைநிறுத்த வேண்டும்.

ஒரு சுற்றுக்கு ஒரு மாறியா, எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாறியா?

மேலே கண்ட தேர்வுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. மடக்கு மாறி என்பது எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவான ஒரே பெட்டி என்றால், அதன் முகவரியை வெளியே கொடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும்போது, கொடுத்த முகவரியில் உள்ள மதிப்பை மொழியே மாற்றிவிடுகிறது. நாம் கை வைக்காமலேயே மாறி திருத்தப்படுகிறது.

இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்துக்கு 2020 பிப்ரவரியில் நேர்ந்தது இதுவே. எந்தச் சான்றிதழ் நிறுவனம் தனக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்று ஒரு டொமைன் அறிவித்திருக்கும் பதிவை, வழங்குமுன் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரே கோரிக்கையில் பல டொமைன்கள் இருந்தபோது, கோ மொழியில் எழுதப்பட்ட அவர்களுடைய நிரல் ஒவ்வொன்றையும் ஒருமுறை சோதிக்காமல், ஏதோ ஒன்றையே அத்தனை முறையும் சோதித்தது. சுமார் 30 லட்சம் சான்றிதழ்களை ரத்துசெய்யப் போவதாக அந்நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த நிரலைப் படித்தால் மனம் கனக்கும்: எழுதியவருக்கு இந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. மடக்கின் சாவி மாறிக்கு ஒரு நகல் எடுத்து, ஏன் எடுக்கிறேன் என்று குறிப்பும் எழுதியிருந்தார். மதிப்பு மாறிக்கு எடுக்கவில்லை. அதன் முகவரியைப் பெற்ற செயற்கூறு உட்புலங்களின் முகவரிகளைத் தன் விடையில் வைத்துக்கொண்டது.

சி ஷார்ப் 2012-இல் ஐந்தாம் பதிப்பிலும், கோ 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி என்று மாற்றிக்கொண்டன. மாட்யூல் கோப்பில் பழைய பதிப்பு எண் குறித்திருந்தால் கோ பழைய நடத்தையையே தொடரும் என்பதால், பழைய நிரல்களைப் பராமரிப்பவர் அந்த வரியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பைதானில் இன்றும் ஒரே மாறிதான். மடக்கு முடிந்த பின்னும் கடைசி மதிப்புடன் அது உயிரோடு இருக்கும். தனி மாறி கிடைக்கும் மொழிகளிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: மாறியைக் குளோஷர் (வெளி மாறியைத் தன்னுடன் வைத்துக்கொள்ளும் செயற்கூறு) பிடித்துக்கொண்ட பிறகு அதே சுற்றில் அதைத் திருத்தினால், குளோஷர் பார்ப்பது திருத்திய மதிப்பையே. ஆகவே, மாறியை வேறு யாரேனும் பிடிக்கும் மடக்கில் திருத்தம் என்ற தேர்வையே நான் நீக்கிவிடுவேன்.

உறுப்பை நீக்குவது வேறு கணக்கு

மதிப்பை மாற்றுவதையும் பட்டியலின் நீளத்தை மாற்றுவதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. விலை சுழியாக உள்ள பொருள்களை மடக்கின் நடுவிலேயே நீக்கினால், பைதானில் பின்னால் உள்ளவை ஓரிடம் முன்னால் நகர, மடக்கு அடுத்த இடத்துக்குப் போய்விடும். 1, 2, 2, 3 என்ற பட்டியலில் இரண்டுகளை இப்படி நீக்கினால் 1, 2, 3 எஞ்சும். அடுத்தடுத்து நின்ற இரண்டில் ஒன்று தப்பிவிட்டது. பைதான் அகராதியில் புதிய சாவியைச் சேர்த்தால் இயக்கப் பிழை எழும், ஏற்கெனவே உள்ள சாவியின் மதிப்பை மாற்றினால் எழாது. சி பிளஸ் பிளஸ் வெக்டரில் மடக்கின் நடுவே சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை. ரஸ்ட்டில் அப்படியொரு நிரல் கம்பைலே ஆகாது.

இங்கே தேர்வு எளிது: ஜாவாவில் ‘ரிமூவ்-இஃப்’, ரஸ்ட்டில் ‘ரிட்டெயின்’, பைதானில் நிபந்தனையுடன் கூடிய பட்டியல் கட்டமைப்பு. மடக்கை வைத்தே செய்வேன் என்று அடம்பிடிப்பவர், ஜாவா எப்படியும் விதிவிலக்கு எழுப்பிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினால் ஏமாறுவார். அர்ரேலிஸ்ட் ‘இன்னும் உறுப்பு இருக்கிறதா’ என்பதை, இதுவரை நகர்ந்த இடத்தையும் இப்போதைய நீளத்தையும் ஒப்பிட்டே முடிவு செய்கிறது. மூன்று பொருள்கள் உள்ள பட்டியலில் நடுவில் இருப்பதை நீக்கினால், நகர்ந்த இடமும் இரண்டு, நீளமும் இரண்டு. மடக்கு சத்தமின்றி முடிந்துவிடும், மூன்றாவது பொருளை எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசிக்கு முந்தைய உறுப்பை நீக்கும்போது மட்டும் நேரும் இது, மூன்று உறுப்புகளை வைத்து அவசரமாக எழுதிய சோதனையில் பச்சை விளக்கைக் காட்டி, முதல் உறுப்பை நீக்க நேரும் நாளில்தான் விதிவிலக்கை எழுப்பும்.